ஊரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தை மட்டும் கொண்டுவந்தோம்

(எமது சங்கக் கலைப்பள்ளியின் பெற்றோர் – ஆசிரியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



புத்தாண்டு என்றால் புதுக் கணக்குத் தொடங்கும் நாள் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் இன்றைக்கு நானும் ஒரு கணக்கோடுதான் வந்திருக்கிறேன். வருகிற செப்டெம்பரிலிருந்து எமது கலைப்பள்ளியின் நேரசூசியையும் பாடத்திட்டத்தையும் மாற்றுவதா, இப்போது உள்ளபடியே விடுவதா என்று நீங்கள் முடிவு செய்யவேண்டும். ஆசிரியர் குழு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதை விளக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சனிக்கிழமைகளில் ஒன்பதரை மணியிலிருந்து ஒரு மணிவரை பள்ளி நடக்கிறது. இடையில் அரை மணித்தியாலம் இடைவேளை. மிச்சம் மூன்று மணித்தியாலத்தில் நாலு பாடம், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம். கூடுதலான பிள்ளைகள் இரண்டு பாடமாவது எடுக்கிறார்கள். நாலும் எடுக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். விடுமுறைகளைக் கழித்தால் ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 36 சனிக்கிழமை. அப்படியென்றால் ஒரு பாடத்துக்கு வருடம் முழுவதும் கிடைப்பது 27 மணித்தியாலம். இது கேட்க ஓரளவு பரவாயில்லை மாதிரித் தெரியும். ஆனால் 15 பிள்ளைகள் உள்ள வகுப்பில், வரவு எடுத்து, சுருதி சேர்த்து, பிந்தி வந்தவரையும் இருத்தி முடிய 10 நிமிடம் போய்விடும். மிச்சம் 35 நிமிடத்தை 15 பேருக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் குரலை நான் தனியாகக் கேட்பது கிழமைக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான்.

இதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, குளிரிலும் பனியிலும் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, வேலைக் களைப்போடு வாசலில் காத்திருந்து இதை நடத்தி வருகிறோம். ஆனால் நேரம் என்பது வாடகைக் காசு மாதிரி. எதற்குச் செலவழிக்கிறோமோ அதுதான் எங்களுக்குக் கிடைக்கும்.

உலகத்திலே கலைப்பள்ளிகள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவழித்தன என்று கொஞ்சம் பார்ப்பது நல்லது. இந்த நாட்டுப் பிள்ளைகள் 'கொன்சர்வேற்றரி' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமோ? இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தில் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் தோன்றிய அநாதைப் பிள்ளைகள் இல்லங்களுக்கு 'கொன்சர்வத்தோரியோ' என்று பெயர். பிள்ளைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிற இடம் என்று அர்த்தம். அப்படி நாலு இல்லங்கள் இருந்தன. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்து, பிழைக்க ஒரு தொழிலாகச் சங்கீதத்தையும் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஊர்வலங்களிலும் செத்த வீடுகளிலும் பாடி இல்லத்துக்குக் காசு கொண்டுவந்தார்கள். உலகமெல்லாம் இன்று பெரிய பெயரோடு இருக்கும் இசைக் கல்லூரிகளின் பெயர் இப்படி ஆதரவற்ற பிள்ளைகளின் வீட்டிலிருந்துதான் வந்தது. அகதிகளாக வந்த எங்களுக்கு இது அந்நியமான கதை அல்ல.

1770இல் சார்ள்ஸ் பேர்ணி என்ற ஆங்கிலேய இசை வரலாற்றாசிரியர் அந்த இல்லங்களில் ஒன்றைப் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒரே அறையில் ஏழெட்டு ஹார்ப்சிகோர்ட் வாத்தியங்கள், அதைவிட வயலின்கள், பாடுகிறவர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு உருப்படிகளைச் சாதகம் செய்தார்களாம். படுக்கிற கட்டில்தான் இருக்கை. மாடிப்படியிலே நின்று ஒருவர் எக்காளம் ஊதிக்கொண்டிருந்தாராம். மாரிகாலத்தில் விடிவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே எழும்பி, சாப்பாட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் போக, இரவு எட்டு மணிவரை சாதகம். கூட்டிப் பார்த்தால் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் 27 மணித்தியாலம் அந்தப் பிள்ளைக்கு இரண்டே நாளில் கிடைத்துவிடும்!

அப்படி எங்கள் பிள்ளைகளை வருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் கொடுமை வேண்டாம். ஆனால் அங்கே கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குப் படிப்பித்தார்கள். எந்த நேரமும் காதிலே சங்கீதம் விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் குருகுலத்திலும் இதுதானே நடந்தது? சிஷ்யன் குருவின் வீட்டிலே தண்ணீர் அள்ளிக்கொண்டும் கேட்பான், கால் பிடித்துக்கொண்டும் கேட்பான். பாடம் சொல்லித் தந்த நேரம் கொஞ்சம், கேட்ட நேரம் அதிகம். இதைத்தான் எங்கள் முன்னோர் கேள்வி ஞானம் என்றார்கள்.

பிறகு காலம் மாறியது. 1795இல் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் நகரத்தில் அரசாங்கமே இசைக் கல்லூரி தொடங்கியது. வகுப்பு, பாடநூல், ஆண்டு முடிவில் பரிசுப் போட்டி என்று எல்லாம் ஒழுங்காக்கப்பட்டது. எங்கள் பக்கத்திலும் 1929இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிப் போய்ப் படித்து 'சங்கீத பூஷணம்' பட்டத்தோடு திரும்பியவர்கள் பலர். 1936இல் ருக்மிணி தேவி அடையாற்றில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். எங்கள் மண்ணில் 1931இல் வட இலங்கைச் சங்கீத சபை தோன்றி, தரம் தரமாகப் பரீட்சை வைத்து, ஆசிரியர் தரம் வரை கொண்டுபோனது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கியது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெரிய வித்துவான் அங்கே அதிபராக வந்திருந்தார். 1975இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

சங்கீத சபையின் பரீட்சைகளைச் சிலர் இப்போது இளக்காரமாகப் பேசுகிறார்கள். அது தவறு. பெரிய வித்துவான்கள் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கும் எது முதலில், எது பிறகு என்று ஒரு ஒழுங்கு அங்கிருந்துதான் கிடைத்தது. புலம்பெயர்ந்து வந்தபோது நாங்கள் கையோடு கொண்டுவரக்கூடியதாக இருந்ததும் அந்த ஒழுங்கு ஒன்றுதான். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று எங்கே போனாலும் எங்கள் பிள்ளைகள் அதே மாதிரித் தரப் பரீட்சைகளை எழுதுகிறார்கள்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். அந்தப் பாடத்திட்டம் ஊர் இருக்கிற இடத்துக்காக எழுதப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். ஊரிலே ஒரு பிள்ளை கிழமைக்கு ஒரு மணித்தியாலம்தான் சங்கீத வகுப்புக்குப் போயிருக்கும். ஆனால் விடியக் காலமை கோயிலில் ஒலிபெருக்கி போடும். திருவிழாவிலே நாதஸ்வரமும் தவிலும் இரவிரவாய் நடக்கும். வெளிவீதி மணலிலே தாயின் மடியில் நித்திரையாய்க் கிடந்த பிள்ளைக்குக்கூட தோடியும் கல்யாணியும் காதுக்குள்ளே போயிருக்கும். இலங்கை வானொலியில் இசைக் கச்சேரி போகும். மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதிக்கொண்டு பெடியள் தெருவால் வருவார்கள். கூத்து நடந்தால் அண்ணாவியாரின் மத்தளத்தைக் கேட்டுத் தாளம் தானாகவே உடம்பில் ஏறும். பாதிப் பாடத்தை ஊர் படிப்பித்தது. மிச்சப் பாதியைத்தான் வகுப்பு படிப்பித்தது. நாங்கள் வகுப்புப் பாதியை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். ஊர்ப் பாதி அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பாதிக்கு எங்கள் நேரசூசியில் ஒரு நிமிடமும் இல்லை.

அதன் பலன் என்ன? இங்கே ஒரு செத்த வீடு. பேத்தி வாய்ப்பாட்டில் ஆறாம் தரம் சித்தி எய்தியவள், சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. தகனத்துக்கு முன் 'பிள்ளை, அம்மம்மாவுக்கு ஒரு தேவாரம் பாடு' என்று பெரியவர் ஒருவர் கேட்டார். பிள்ளை அழுதுகொண்டு, 'கொப்பி கொண்டுவரேல்லை' என்றது. அவளிலே பிழை இல்லை. கொப்பி இல்லாமல் பாடுவதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் இடம் இல்லை. இன்னொரு சின்னப் பிள்ளை, ஒரு கீர்த்தனை முழுவதையும் சுத்தமாகப் பாடி முடித்துவிட்டு, 'ரீச்சர், இது என்ன பாஷை?' என்று கேட்டது. அது தமிழ்க் கீர்த்தனை!

பரீட்சை முடிய, அரங்கேற்றம் முடிய, பதினாறு பதினேழு வயதில் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். சலங்கை பெட்டிக்குள்ளே போகிறது. பல்கலைக்கழகம், வேலை என்று போனபிறகு திரும்பி எடுப்பவர் சிலர்தான். பத்து வருடம் காசும் நேரமும் செலவழித்து, பிள்ளையின் சீவியத்துக்குத் துணையாக வரவேண்டிய ஒன்றைச் சான்றிதழாக மாற்றி வைத்திருக்கிறோம். இதுதான் எங்கள் கவலை.

இனி ஆசிரியர் குழுவின் திட்டத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, நாலு துண்டு பாடத்துக்குப் பதிலாக மூன்று பகுதி. ஒரு பிள்ளை தெரிந்தெடுத்த முதன்மைக் கலைக்கு 90 நிமிடம் தொடர்ச்சியாக. அதன் பிறகு கேள்வி வகுப்பு 45 நிமிடம். கடைசி 45 நிமிடம் சேர்ந்து செய்யும் வகுப்பு. மொத்தம் அதே மூன்று மணித்தியாலம்தான். மண்டப வாடகை ஒரு சதமும் கூடாது. ஆனால் முதன்மைக் கலைக்கு வருடத்தில் 27க்குப் பதிலாக 54 மணித்தியாலம் வரும்.

இரண்டாவது, முதல் இரண்டு வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான அத்திவாரம். மிருதங்கம் பழக வந்த பிள்ளையும் பாடவேண்டும். பாட வந்த பிள்ளையும் சொற்கட்டுச் சொல்லித் தாளம் போடவேண்டும். ஆட வந்த பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். மூன்றாம் வருடம்தான் முதன்மைக் கலையைத் தெரிவு செய்வது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்ற படிமுறையை நாங்கள் தொடப்போவதில்லை. நூற்றாண்டுக் கணக்காய் நின்று பிடித்த ஏணி அது. ஆனால் ஏணியில் ஏறுகிற பிள்ளைக்குக் காதும் வேண்டும்.

மூன்றாவது, கேள்வி வகுப்பு. இது ஊர்ப் பாதிக்கு நாங்கள் கொடுக்கும் இடம். ஒரு மாதத்துக்கு ஒரு இராகம். அந்த இராகத்தில் நாதஸ்வரம், பாட்டு, தேவாரப் பண், நல்ல சினிமாப் பாட்டு என்று எல்லாம் கேட்கவேண்டும். கொப்பி திறக்கக் கூடாது. கேட்டதைத் திரும்பப் பாடவேண்டும். பாட்டின் அர்த்தத்தைத் தமிழிலே பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டும். தாளத்துக்குத் திருப்புகழைவிட நல்ல வாத்தியார் கிடையாது. 1947இல் நியூயோர்க் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் அதன் தலைவர் வில்லியம் ஷூமன் இதுபோல ஒரு மாற்றத்தைத்தான் செய்தார். இசை இலக்கணத்தைப் பயிற்சிப் புத்தகத்திலிருந்து தனியாகப் படிப்பிப்பதை விட்டு, உண்மையான இசைப் படைப்புகளைக் கேட்டு, ஆராய்ந்து, அவற்றுக்கூடாக இலக்கணத்தைப் படிப்பிக்க வைத்தார். எங்கள் பிள்ளைகளில் சிலர் ரொறன்ரோவின் றோயல் கொன்சர்வேற்றரியின் பியானோப் பரீட்சைக்கும் போகிறார்கள். அங்கே பாடமாக்கிய உருப்படிகள் மட்டும் போதாது. கேட்டுச் சொல்லவும் வேண்டும், முன்பின் பார்க்காததைப் பார்த்து வாசிக்கவும் வேண்டும். அவர்கள் காதைச் சோதிக்கிறார்கள். கேள்வி ஞானம் என்று பெயர் வைத்த நாங்கள் சோதிப்பதில்லை!

நான்காவது, சேர்ந்து செய்யும் வகுப்பு. பாடுகிற பிள்ளை, வயலின் பிள்ளை, மிருதங்கப் பிள்ளை, ஆடுகிற பிள்ளை எல்லோரும் ஒரே அறையில். இப்போது இவர்கள் ஒருவரை ஒருவர் காண்பது ஆண்டு விழா மேடையில் மட்டும்தான். ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை கடைசித் தவணை முழுவதும் ஒரே ஒரு படைப்பைச் சேர்ந்து செய்யவேண்டும். ஒரு வருடம் கூத்து, ஒரு வருடம் இசை நாடகம், ஒரு வருடம் கச்சேரி. கூத்து இந்த நேரத்துக்குள் அடங்குமா என்று கேட்பீர்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, பல்கலைக்கழக மாணவர்களை ஆடவைத்து, கர்ணன் போர், இராவணேசன் என்று மேடையேற்றினார். நேரத்தைச் சுருக்கினார், கூத்தின் உயிரைச் சுருக்கவில்லை. அது எங்களுக்கு வழிகாட்டி.

ஐந்தாவது, மூத்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது. ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலைச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலம் சமூக சேவை செய்யவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பாடசாலையின் ஒப்புதல் பெற்று அதை இங்கேயே செய்யலாம். படிப்பிக்கத் தொடங்கினால்தான் படித்தது ஊறும். பதினாறு வயதில் பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு பொறுப்புக் கொடுத்தால் நின்றுவிடும்.

இதற்கு நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளும் எனக்குக் கேட்கிறது.

'எங்கட பிள்ளை நாலும் பழகட்டும் ரீச்சர், பிறகு விருப்பமானதை எடுக்கட்டும்' என்பீர்கள். நாலு கிணற்றை நாலு முழம் தோண்டினால் ஒன்றிலும் தண்ணீர் வராது. யாழ்ப்பாணத்து ஆக்களுக்குக் கிணறு வெட்டுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு வருடமும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகுதானே தெரிவு செய்யச் சொல்கிறோம்.

'பரீட்சை பிந்திப் போகுமே' என்பீர்கள். ஓம், பிந்தும். மறைக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு ஒரு தரம் ஏற ஒரு வருடத்துக்குப் பதிலாக ஒன்றரை, இரண்டு வருடம் செல்லும். பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலாம் தரம், எங்கள் பிள்ளை இன்னும் மூன்றாம் தரம் என்று கலியாண வீட்டில் ஆரேனும் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு உங்களிடம் ஒரே பதில்தான் இருக்கவேண்டும்: 'பாடச் சொல்லிக் கேளுங்கோ.' பரீட்சையை நாங்கள் எடுத்துவிடவில்லை. பிள்ளை ஆயத்தமானபோது எழுதட்டும் என்கிறோம்.

'ஆசிரியர்களின் வருமானம் குறையுமே' என்று எங்கள் பக்கத்திலிருந்தே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிள்ளைக் கணக்குக்குச் சம்பளம் என்றால், பிள்ளை ஒரு கலையை மட்டும் எடுத்தால் மற்ற ஆசிரியர்கள் பாதிக்கப்படுவார்கள். ஆகவே சம்பளம் மணித்தியாலக் கணக்கில் இருக்கவேண்டும் என்றும், கேள்வி வகுப்பையும் சேர்ந்து செய்யும் வகுப்பையும் ஆசிரியர்கள் முறைவைத்து எடுக்கவேண்டும் என்றும் செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம். அதை முடிவு செய்யாமல் இந்தத் திட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து.

கடைசியாக, 'இந்த நாட்டிலே இதெல்லாம் நிலைக்குமா?' என்று மனதுக்குள் நினைப்பவர்களும் இருக்கிறீர்கள். எங்களில் கனபேர் வந்து சேருமுன்னர், 1971இல், இதே ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகத்தில் கர்நாடக சங்கீதம் பாடமாகிவிட்டது. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் மிருதங்க வித்துவான் திருச்சி சங்கரன். மற்றவர் கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்த அமெரிக்கர் ஜோன் ஹிக்கின்ஸ். அமெரிக்காவிலே பிறந்த ஒருவர், ஊரும் இல்லை, கோயில் வீதியும் இல்லை, தமிழைத் தாய்மொழியாகவும் கொண்டிராதவர், கேட்டுக் கேட்டு, சாதகம் பண்ணி அந்த இடத்துக்கு வந்தார். நேரம் கொடுத்தால் வரும். எங்கள் பிள்ளைகளுக்கு வராது என்று சொல்ல நாங்கள் யார்?

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளுக்கு 20 நிமிடம் வீட்டில் பிள்ளை சாதகம் பண்ணட்டும். கிழமையில் ஆறு நாள் என்றால் இரண்டு மணித்தியாலம். கைத்தொலைபேசியிலே சுருதிப்பெட்டி இருக்கிறது, காசு தேவையில்லை. அந்த நேரம் ரெலிவிஷனை நிற்பாட்டிவிட்டு வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அம்மம்மா, அப்பப்பா இருந்தால் இன்னும் நல்லம். அவர்களுக்குத் தெரிந்த தேவாரத்தையும் தாலாட்டையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு நாங்கள் பாடத்திட்டத்தில் புள்ளி வைத்திருக்கிறோம், உண்மையாகத்தான் சொல்லுகிறேன்.

திட்டத்தின் பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. எடுத்துப் போய் வாசியுங்கள், பிள்ளைகளோடும் கதையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் கை உயர்த்தி முடிவு சொல்லுங்கள். முழுவதும் பிடிக்காவிட்டால் கேள்வி வகுப்பை மட்டுமாவது ஒரு வருடம் நடத்திப் பார்க்க அனுமதி தாருங்கள்.

பிறந்திருக்கும் புத்தாண்டு எங்கள் வீடுகளில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டட்டும்.